சிரிக்கக் கூடாத கந்தோர்

வெளிநாட்டுக்கு வந்த நம்முடைய ஆட்கள் முதல் சம்பளம் எடுக்கிறார்களோ இல்லையோ, முதல் படம் எடுத்துவிடுவார்கள். இரவல் கோட்டு, யாரோ ஒருவருடைய கார், அதன்மேல் ஊன்றிய ஒரு முழங்கை. படம் ஊருக்குப் போகும். ஊரில் அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் கொழுவுவார்கள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "ஆள் நல்லாக் கொழுத்திட்டார்" என்பார்கள். கார் யாருடையது என்று மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேளாமல் விடுவதுதான் மரியாதை.

கனடா அரசாங்கத்துக்கு அந்த மரியாதை தெரியவில்லை. வீரக்குட்டியின் கரைச்சல் அங்கேதான் தொடங்கியது.

வீரக்குட்டி மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடிக்காரன். எண்பத்தைந்தில் பாரிசுக்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். பிறகு ரொறன்ரோவுக்கு வந்து கோப்பை கழுவினான். "ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று அறையில் கூட இருக்கிற இக்னேசியஸ் கேட்டால், "அங்க சோஸ் கூட, மச்சான். நல்லா ஊறப்போடணும்" என்பான். உலக அனுபவம் என்று அவனிடம் இருந்தது அவ்வளவுதான்.

கனடாவில் இருக்கலாம் என்று உத்தரவு கிடைத்த கையோடு மனைவி தெய்வநாயகியையும் மகள் பேபியையும் ஸ்பொன்சர் பண்ணினான். அவர்கள் இருவரும் ஊரை விட்டு வந்து கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு லொட்ஜ் அறையில் கிடந்தார்கள். மட்டக்களப்பு அடையாள அட்டையோடு கொழும்பு லொட்ஜில் கிடப்பது என்றால் என்னவென்று கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால், பொலிஸ் என்று பேபி கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். தட்டியது தேநீர்க்காரன் என்று சொன்னாலும் இலேசில் வெளியே வரமாட்டாள்.

விசா வரவில்லை. அதற்குப் பதிலாக, நகரத்து அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து, கந்தோருக்கு வரச்சொல்லி வீரக்குட்டிக்கு அழைப்பு வந்தது.

இக்னேசியஸ் துணைக்குப் போனான். கட்டடத்தின் வாசலில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. காவலாளியிடம் விலாசத்தைக் காட்டினார்கள்.

"அப்படி ஒரு கந்தோர் இந்தக் கட்டடத்தில் இல்லை," என்றான் காவலாளி. பிறகு, "லிப்ட் இடது பக்கம்," என்றான்.

மேலே ஓர் அறை. ஒரு கொடி, ஒரு பிளாஸ்டிக் செடி, ஒரு நீண்ட மேசை. மேசைக்குப் பின்னால் பெல்லாமி என்கிற அதிகாரி. உயரமான மனிதர், காது இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகியபடி இருந்தது. அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சண்முகலிங்கம். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர். தன் வாயால் பேசும்போது சாதாரண மனிதர்தான். ஆனால் பெல்லாமியின் ஆங்கிலத்தைத் தமிழாக்கத் தொடங்கினால் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்துவிடுவார். கலியாண அழைப்பிதழ் எழுந்து நின்று பேசுவதுபோல இருக்கும்.

இக்னேசியசை வெளியே இருத்தினார்கள். பெல்லாமி ஒரு படத்தை மேசையில் வைத்தார்.

பனை நீளத்துக்கு ஒரு கறுப்புக் கார். முன்னால் ஒரு சின்னக் கொடி. காரில் முழங்கையை ஊன்றியபடி வீரக்குட்டி. கறுப்புக் கண்ணாடி, பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு, வலது கையில் கைத்துப்பாக்கி. பக்கத்தில் மழைக்கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரன், சூட்கேஸ் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றான்.

"இப்புகைப்படத்தில் இருப்பவர் தாங்கள்தானா?" என்றார் சண்முகலிங்கம், பெல்லாமியாக.

"ஓம் ஐயா. இது எப்படி இங்க..."

"தங்கள் துணைவியாரே கொழும்பில் எமது அதிகாரியிடம் கையளித்தார். கணவரின் படத்தைக் கேட்டபோது."

தெய்வநாயகியைக் குறை சொல்ல ஏலாது. கணவனுடைய படம் கேட்டார்கள். இருந்ததிலேயே நல்ல படத்தைக் கொடுத்தாள். கலியாணப் படத்தில் வீரக்குட்டிக்குக் கண் மூடியிருந்தது.

"கணவர் பிரான்சில் என்ன தொழில் புரிந்தார் என வினவியபோது அம்மையார் அளித்த விடை: அரசாங்க வேலை. விபரம் சொல்ல முடியாது."

வீரக்குட்டிக்கு ஊர்ச்சந்திக் கடைக்குப் பாரிசிலிருந்து போன் எடுத்த நாள் நினைவு வந்தது. மனைவியோடு பேசப் போனவனிடம் மாமனார் போனைப் பறித்து, "மருமகன், என்ன வேலை?" என்றார். கடையில் நின்ற சனம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரியும். கோப்பை கழுவுகிறேன் என்று எந்த மருமகன் சொல்வான்? "அரசாங்க வேலைதான் மாமா. விபரம் சொல்ல ஏலா." மாமனார் அதற்கு மேல் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

"ஐயா, அது சினிமாவில நடிக்கக்குள்ள எடுத்த படம்," என்றான் வீரக்குட்டி. "பாரிசில வேலைக்கு ஆள் பிடிக்கிற சந்தியில நிண்ட என்னை, மீசையைப் பாத்துட்டுக் கூட்டிக்கொண்டு போனானுகள். ஏதோ ஒரு ராசாவுக்கு மெய்க்காப்பாளன். கார்க் கதவைத் திறக்கிறதுதான் வேலை. அந்தத் துவக்கு ரப்பர் ஐயா. சப்பலாம்."

"திரைப்படத்தின் பெயர்?"

"தெரியா."

"தாங்கள் நடித்த படத்தின் பெயர் தங்களுக்குத் தெரியாது."

"நான் அதைப் பாக்கல்ல ஐயா."

"தாங்கள் நடித்த படத்தைத் தாங்கள் பார்க்கவுமில்லை."

"நேரம் எங்க ஐயா? கோப்பை கழுவப் போயிட்டன்."

சண்முகலிங்கம் தன் சொந்தக் குரலுக்கு இறங்கி, "தம்பி, கொஞ்சம் யோசிச்சுக் கதையும்," என்றார்.

"என்ன சொன்னீர்?" என்று பெல்லாமி கேட்டார். அந்த அறையில் வாயிலிருந்து வந்த எதுவும் மொழிபெயர்க்கப்படாமல் போகக் கூடாது என்பது விதி.

"யோசித்துப் பேசச் சொன்னேன்."

"உண்மை பேசுகிறவர் எதற்கு யோசிக்க வேண்டும்?"

அதையும் மொழிபெயர்த்தார் சண்முகலிங்கம். மொழிபெயர்த்துவிட்டு வீரக்குட்டியைப் பரிதாபமாகப் பார்த்தார். நல்ல வேளை, பார்வைக்கு விதி எதுவும் இல்லை.

"ஆகவே, தாங்கள் உளவாளி அல்ல என்கிறீர்கள்."

"இல்லை ஐயா."

"பயிற்சி பெற்ற உளவாளி ஒருவனைக் கேட்டால் என்ன சொல்வான்?"

வீரக்குட்டி யோசித்தான். "இல்லை எண்டுதான் சொல்லுவான்."

"தாங்களும் அதையே சொன்னீர்கள்," என்று பெல்லாமி மூக்கைச் சீறினார். "கவலை வேண்டாம். இக்கந்தோர் எவரையும் சந்தேகிப்பதில்லை. சந்தேகம் வேறு கந்தோர்களில் உற்பத்தியாகி இங்கே வந்து சேர்கிறது. நாம் அதைப் பராமரிக்கிறோம், அவ்வளவே."

"அப்ப என்ட மனிசியும் பிள்ளையும்?"

"சந்தேகம் தீரும்வரை கொழும்பிலேயே பாதுகாப்பாக இருக்கட்டும்."

பாதுகாப்பாக என்ற சொல்லை மொழிபெயர்க்கும்போது சண்முகலிங்கத்துக்குக்கூட இருமல் வந்தது.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கென்னடி சப்வேயில் இறங்கிப் பஸ்ஸுக்கு நின்றபோது வீரக்குட்டி நடந்ததைச் சொன்னான்.

"உன்னைப் பெரிய சீ.ஐ.டி. எண்டெல்லோ நினைக்கிறானுகள்," என்றான் இக்னேசியஸ். "இந்த மூஞ்சியப் பாத்துமா?"

"நீ சிரி. அங்க அவள் ஒவ்வொரு தட்டுக்கும் செத்துப் பிழைக்கிறாள்."

இக்னேசியஸ் சிரிப்பை நிறுத்தினான். "அந்தச் சினிமாப் படத்தைத் தேடிப் பிடிச்சுக் காட்டினா முடிஞ்சுதானே. மொன்றியல்ல என்ட மச்சாள் மக்டலீன் இரிக்காள். அங்க தெருவெல்லாம் பிரெஞ்சு. தேடச் சொல்றன்."

மக்டலீன் மொன்றியலில் வீடியோக் கடைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை செய்தாள். கூட்டித் துடைக்கிற எல்லாக் கடையிலும், "ஒரு கறுத்த ஆள், பெரிய மீசை, கார்க் கதவைத் திறப்பான், அந்தப் படம் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு கசெற்றை பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை அறையில் இடம் இல்லை. மாடி முழுக்க இருந்த ஆட்கள் வந்து குந்திவிட்டார்கள். ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பாரிசில் இருந்த வீரக்குட்டிக்கும் "தட்டு", "சுடுதண்ணி", "கெதியா" என்கிற மூன்றுதான் தெரியும். ஆனால் படம் எல்லோருக்கும் விளங்கியது.

பிரெஞ்சு அரசாங்கத்தின் மிகத் திறமையான ஒற்றன். அவனுக்கு ஒரேயொரு குறை. எங்கே ஒளிந்தாலும் தும்மல் வந்துவிடும். திரைக்குப் பின்னால் ஒளிந்தால் தும்முவான். கட்டிலுக்குக் கீழே ஒளிந்தால் தும்முவான். சவப்பெட்டிக்குள் படுத்தால் பாதிரியார் ஆசீர்வதிக்கும் நேரம் பார்த்துத் தும்முவான். ஒரே கந்தோரின் இரண்டு மாடிகளிலிருந்து ஆட்கள் ஒருவரையொருவர் தெரியாமல் துரத்துவார்கள். எல்லோரும் ஒரு சூட்கேசுக்காக அடிபடுவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே நாறிப்போன ஒரு கட்டி சீஸ்.

நடுவில் அந்தக் கறுப்புக் கார் வந்தது. "வீரா! வீராடா!" என்று அறை கத்தியது. வீரக்குட்டி கதவைத் திறந்தான். ஒளிந்து நின்ற ஒற்றன் தும்மிக்கொண்டு பாய்ந்து, கதவில் முட்டி, பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக விழுந்தான். ராசாவின் மெய்க்காப்பாளன், விறைத்துக்கொண்டு நிற்க வேண்டியவன், கமராவைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

"அது நடிப்பில்ல," என்றான் வீரக்குட்டி வெட்கத்தோடு. "அடக்க ஏலாமப் போயிட்டு. ஏசப்போறானுகள் எண்டு பாத்தா, விட்டுட்டானுகள்."

நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

கந்தோரில் கசெற்றைப் பார்ப்பதற்கு ஒரு சபை கூட்டினார்கள். பெல்லாமியோடு பிரெஞ்சுப் பிரிவிலிருந்து துப்வா என்று ஒருவர் வந்திருந்தார். அவர் பிரெஞ்சை ஆங்கிலமாக்க, சண்முகலிங்கம் ஆங்கிலத்தைத் தமிழாக்க வேண்டும். விதிகளை முதலில் வாசித்தார்கள்.

"இச்சபையில் எவரும் சிரித்தலாகாது. சிரிப்பு என்பது ஓர் அபிப்பிராயம். சான்றின்மீது அபிப்பிராயம் தெரிவிக்க எமக்கு அதிகாரம் இல்லை."

படம் ஓடியது. ஒற்றன் திரைக்குப் பின்னால் தும்மினான். துப்வா, "தும்முகிறார்," என்றார் ஆங்கிலத்தில். "தும்முகின்றார்," என்றார் சண்முகலிங்கம் தமிழில். பெல்லாமி படத்தை நிறுத்தினார்.

"இவர் இப்பொழுது எங்கே வசிக்கிறார்?"

"ஆரு ஐயா?"

"தும்முபவர்."

"அவர் நடிகர் ஐயா. பின்னேரம் எங்களுக்கெல்லாம் சிகரெட் தந்தவர். நல்ல மனிசன்."

"சிகரெட் தந்தார்," என்று பெல்லாமி குறித்துக்கொண்டார். "எந்த நோக்கத்தோடு?"

சவப்பெட்டித் தும்மல் வந்தபோது வீரக்குட்டியால் முடியவில்லை. வாயைப் பொத்தினான், மூக்கால் வந்தது. அதைப் பார்த்துச் சண்முகலிங்கத்தின் மப்ளர் குலுங்கத் தொடங்கியது.

"மொழிபெயர்ப்பாளர் ஏன் சிரிக்கிறார்?" என்றார் பெல்லாமி.

"அவர் சிரித்தார் ஐயா. நான் மொழிபெயர்க்கிறேன்," என்றார் சண்முகலிங்கம், கண்ணைத் துடைத்தபடி. விதிப்படி அது சரி என்றபடியால் பெல்லாமியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு தூரம் நல்லபடியாகத்தான் போயிற்று. பிறகு அந்தக் காட்சி வந்தது. ஒற்றர் கந்தோரின் பெரியவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு, இந்த வருடம் ஓர் எதிரியும் அகப்படாவிட்டால் கந்தோரை மூடிவிடுவார்கள், ஆகவே தெருவில் போகிற யாரையாவது பிடித்து எதிரியாக்குங்கள் என்கிறார். ஒரே கட்டடத்தில் மேல்மாடிக்காரர் கீழ்மாடிக்காரரை ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். வாசலில் ஒரு காவலாளி, அப்படி ஒரு கந்தோர் இங்கே இல்லை என்கிறான்.

துப்வா இதை மொழிபெயர்க்கத் தொடங்கி, குரல் சுருங்கி, நின்றுவிட்டார். பெல்லாமி எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இவ்விபரங்கள் இவர்களுக்கு எவ்வாறு தெரியும்?" என்றார்.

"பகிடிப் படம் ஐயா அது," என்றான் வீரக்குட்டி.

"பகிடியா? இது முற்றிலும் எமது உள்ளக நடைமுறை. வாசல் காவலாளிவரை!" பெல்லாமி கசெற்றைக் கழற்றினார். ஒரு தடித்த உறைக்குள் போட்டு, மெழுகு உருக்கி முத்திரை குத்தி, இரும்பு அலுமாரிக்குள் பூட்டினார். "இந்நிமிடத்திலிருந்து இத்திரைப்படம் அரச இரகசியம். இதுபற்றி எவரும், எங்கும் பேசலாகாது."

"அப்ப நான் படத்திலதான் நடிச்சன் எண்டு நம்பிட்டீங்கதானே?"

"எந்தப் படத்தில்?" என்றார் பெல்லாமி.

வீரக்குட்டி அலுமாரியைக் காட்டினான்.

"அதைப்பற்றி இங்கே பேச முடியாது. வேறு சான்று இருந்தால் கொண்டுவாருங்கள்."

அந்தச் சனிக்கிழமை லொட்ஜுக்குப் போன் எடுத்தான். தெய்வநாயகி ஓடிவந்து எடுத்தாள், மூச்சு வாங்கியது.

"நேத்தும் வந்தானுகள். என்னத்துக்குக் கொழும்பில நிக்கிற எண்டு கேட்டு, பக்கத்து அறைப் பொடியனைக் கொண்டுபோயிட்டானுகள். முதலாளி மாசம் முடிய அறையை விடச் சொல்றார். இஞ்சாருங்க, உங்கட பெரிய ஆக்களிட்டச் சொல்லுங்களன்."

"தெய்வம், எனக்கு ஒரு பெரிய ஆக்களும் இல்ல. நான் கோப்பை கழுவுறன். அங்கயும் கோப்பைதான் கழுவின. கேக்குதா?"



"விளங்குது," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "போன்ல அப்படித்தானே சொல்லணும்."

"இல்ல புள்ள, மெய்யாத்தான்..."

"சரி சரி. கோப்பைதான் கழுவுறீங்க. நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. பேபியோட கதைங்க."

பேபி கதைக்கவில்லை. போனில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எங்கேயோ ஒரு கதவு தட்டுப்பட்டது; மூச்சும் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு அவன் கந்தோருக்குப் போனபோது பெல்லாமி மேசைக்குப் பின்னால் இருக்கவில்லை. கதிரையை இழுத்து அவன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். தடிமனும் மூக்கொழுகலும் இன்னும் மாறவில்லை. ஆங்கிலத்தில் மெல்லப் பேசினார். சண்முகலிங்கம் முதல் தடவையாக அழைப்பிதழ்க் குரலைக் குறைத்தார்.

"வீரக்குட்டி அவர்களே, மனம் திறந்து கூறுகிறேன். உளவாளிகளைக் கண்டுபிடிப்பதற்காகவே இக்கந்தோர் ஏற்படுத்தப்பட்டது. இன்றுவரை ஒருவரும் அகப்படவில்லை. உளவாளிகள் எமக்கு அஞ்சி வராமல் இருக்கிறார்கள், இதுவே எமது வெற்றி என்று வருடாவருடம் அறிக்கை எழுதினோம். எல்லோரும் பாராட்டினார்கள். இவ்வருடம் ஒட்டாவாவுக்குப் புதிதாக வந்த ஒருவர், வராத உளவாளிகளுக்கு எதற்கு ஒரு முழு மாடி என்று கேட்கிறார். இளைஞர். அனுபவம் போதாது. நான் ஓய்வுபெற இன்னும் சிறிது காலமே உண்டு. எமக்கு ஒருவர் தேவை. பெரியவராக இருக்க வேண்டுமென்று இல்லை."

பெல்லாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"தாங்கள் உளவாளி அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தால் தங்கள்மீது சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். சந்தேகத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஒருவர் ஒப்புக்கொண்டாலோ, சந்தேகம் அத்தோடு முடிந்துவிடும். மனம் திருந்தி எம்மிடம் வந்த உளவாளியின் குடும்பத்தைக் கொழும்பில் ஒரு நாள்கூட விட்டுவைக்க முடியாது. ஆபத்து அல்லவா? உடனே எடுத்துவிடுவோம். கோப்பை கழுவுகிறவர்களின் குடும்பம்தான் வரிசையில் நிற்க வேண்டும்."

சண்முகலிங்கம் குனிந்து, "தம்பி, உண்மையைச் சொன்னீரெண்டால் உம்மட மனிசி பிள்ளை வரமாட்டினம். எனக்கும் பிள்ளைகள் இருக்கு, அதுதான் சொல்லுறன்," என்றார்.

"என்ன சொன்னீர்?" என்றார் பெல்லாமி.

மொழிபெயர்த்தார்.

"மிகச் சரியாகச் சொன்னீர்," என்றார் பெல்லாமி.

வீரக்குட்டி தன் கைகளைப் பார்த்தான். சுடுதண்ணீரும் சோப்பும் தின்று, விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. இந்தக் கையைப் பார்த்த பிறகுமா ஒருவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தான். மேசைக்கு மேலே வைத்துக் காட்டினான். பெல்லாமி அவற்றைக் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அற்புதமான வேடம்," என்றார்.

வீரக்குட்டி கைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"ஓம் ஐயா," என்றான் வீரக்குட்டி. "நீங்க சொல்ற ஆள் நான்தான்."

அந்தக் கந்தோரில் அன்று முதன்முதலாகக் கேக் வெட்டினார்கள்.

ஒப்புக்கொண்டால் போதாது, வாக்குமூலமும் வேண்டும் என்றார்கள். உளவாளிகள் என்ன செய்வார்கள் என்று வீரக்குட்டிக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்த ஒரே ஒற்றன் அந்தத் தும்முகிற ஒற்றன்தான். ஆகவே படத்தை முதலிலிருந்து சொன்னான். சவப்பெட்டியைச் சொன்னான், தண்ணீர்த் தொட்டியைச் சொன்னான். பெல்லாமி ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். தன் கண்ணால் பார்த்த படம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தப் படம் அரச இரகசியம். அதைத் தான் பார்த்ததாக நினைக்க அவருக்கே அனுமதி இல்லை. துப்வா மேல்முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் தமிழில் போகிறது; அவருடைய பிரிவு பிரெஞ்சு.

"சூட்கேசுக்குள் என்ன இருந்தது?"

"சீஸ் ஐயா."

பெல்லாமி சீஸுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

எழும்பும்போது வீரக்குட்டி கேட்டான், "ஐயா, பிறம்ரன்ல ஒரு வெயார்ஹவுஸ் வேலை இரிக்கு. இக்னேசியஸ் கதைச்சு வச்சிருக்கான். கை காய்ஞ்சிருக்கிற வேலை. அங்க மாறலாமா?"

பெல்லாமி பதறிப்போனார். "ஒருபோதும் கூடாது! தங்கள் மறைவு வேலை கோப்பை கழுவுதல் என்று ஒட்டாவாவுக்கு எழுதியாகிவிட்டது. நான் ஓய்வுபெறும்வரை தாங்கள் கோப்பையே கழுவ வேண்டும். தங்களைப் பாதுகாக்க ஒருவரும் கூடவே வருவார்."

"ஆரு வருவார்?"

"ஆள் போதாது," என்றார் பெல்லாமி, வெட்கத்தோடு. "நான்தான் வருவேன்."

விசா கிடைத்த வேகத்தைக் கேட்டு ஸ்காபரோவில் ஒருவரும் நம்பவில்லை. எத்தனையோ பேர் எத்தனையோ காலமாகக் காத்துக்கிடக்க, வீரக்குட்டியின் குடும்பம் லொட்ஜ் அறையை விடுகிற தவணைக்கு முன்னமே பிளேன் ஏறிவிட்டது. "எப்படியடா எடுத்தாய்?" என்று கேட்டவர்களுக்கு, "விபரம் சொல்ல ஏலா," என்றான். இந்த முறை அது உண்மை.

ஏர்போர்ட்டுக்கு வேலையிலிருந்து நேரே போனான். மேலே இரவல் குளிர்க்கோட்டு, உள்ளே சோஸ் பட்ட வெள்ளைச் சட்டை. இக்னேசியஸ் காரை எங்கேயோ நிறுத்தப் போயிருந்தான். கண்ணாடிக் கதவு திறந்து, திறந்து, மூடியது. கடைசியில் தெய்வநாயகி வந்தாள், ஒரு கையில் பேக், ஒரு கையில் பேபி. மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. பேபி வளர்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை கதவு அடிபடும்போதும் தாயின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

தெய்வநாயகி அவனைப் பார்த்தாள். சோஸ் பட்ட சட்டையைப் பார்த்தாள். பிறகு அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். வெடித்த இடங்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். அவளும் பானை சட்டி கழுவி வளர்ந்தவள். எந்தக் கை எதனால் வெடிக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தெய்வம்," என்றான் வீரக்குட்டி. "நான்..."

பக்கத்துத் தூணுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

பெரிய தும்மல். தூணின் ஒரு பக்கத்தால் மழைக்கோட்டின் நுனியும், மறுபக்கத்தால் விரித்துப் பிடித்த பத்திரிகையும் தெரிந்தன. பத்திரிகை நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு சிவந்த காதுகள்.

"ஆரு இஞ்சாருங்க அது?" என்றாள் அவள் மெல்ல.

"நம்மட ஆள்தான்," என்றான் வீரக்குட்டி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

தெய்வநாயகி தூணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். கேட்க அவளிடம் எவ்வளவோ இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவன் கைகளைத் தன் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தூணுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"உங்கட வேசம் நல்லா இரிக்கு."

தூணுக்குப் பின்னால் இரண்டாவது தும்மல் வெடித்தது. பத்திரிகை கையை விட்டுப் பறந்தது. பேபி சீலைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். ரொறன்ரோ ஏர்போர்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத மகள்," என்றான் வீரக்குட்டி பதறிப்போய், சுற்றுமுற்றும் பார்த்தபடி. "எழுதிப்போடுவானுகள்."